இங்கிலீஷில் தெரியாத சொல்லா? பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள்!

இரவு மணி 10. வெளியே நல்ல மழை. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை.

அம்மா அலமாரியைத் திறக்கிறாள். அங்கே இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே உயரம். இரண்டிலும் பழுப்பு நிற மருந்து. ஒன்று குடிக்கும் மருந்து. மற்றொன்று வலிக்குத் தேய்க்கும் மருந்து. எது குடிப்பது? எது தேய்ப்பது?

அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும். பாட்டிலில் இருப்பதோ இங்கிலீஷ். தூங்கிக்கொண்டிருந்த மூத்த மகனை எழுப்புகிறாள். அவன் எட்டாம் வகுப்பு மாணவன்.

"தம்பி, இதிலே என்ன போட்டிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுடா."

பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிறான்.

"ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி."

"அப்படின்னா?"

"'ஃபார்' தெரியும் அம்மா. 'யூஸ்' தெரியும். 'ஒன்லி'யும் தெரியும். நடுவிலே இருக்கிற சொல்தான் தெரியலே."

நான்கு சொற்கள். மூன்று தெரியும். ஒன்று தெரியாது. அந்த ஒன்றில்தான் குழந்தையின் உயிரே இருக்கிறது!

இப்படி ஒரு நிலை எந்த வீட்டிலும் வரலாம். மருந்துப் பாட்டிலாக இருக்கலாம். பாங்கியிலிருந்து வந்த கடிதமாக இருக்கலாம். வேலைக்கான மனுவாக இருக்கலாம். பத்துச் சொற்களில் ஒன்பது தெரியும். ஒன்று மட்டும் வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

"அகராதியைப் புரட்டு" என்பார்கள். இன்று கைப்பேசியிலேயே அகராதி இருக்கிறது. ஆனால் அகராதி ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லும். அந்தப் பத்தில் நமக்கு வேண்டியது எது? அதை அகராதி சொல்லாது. அந்தச் சொல் நிற்கும் வாக்கியம்தான் சொல்லும்.

வாக்கியத்தைக் கேட்டால் பதில் கிடைக்கும். எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை

முதலில் தமிழிலேயே பார்ப்போம். இதைப் படியுங்கள்:

"பாட்டி தொம்பிலியை அடுப்பிலிருந்து இறக்கினாள். அதன் மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது. உள்ளே சோறு பொலபொலவென்று வெந்திருந்தது."

தொம்பிலி என்றால் என்ன? பானை! அல்லது அதைப்போன்ற ஒரு பாத்திரம். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் தமிழில் தொம்பிலி என்று ஒரு சொல்லே கிடையாது. இந்தக் கட்டுரைக்காகச் செய்த சொல் அது. இல்லாத சொல்லுக்கே பொருள் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டு வேலைகள் செய்தீர்கள்.

முதல் வேலை: "தொம்பிலியை" என்பதில் "ஐ" இருக்கிறது. ஆகவே அது ஒரு பொருளின் பெயர். பாட்டி அதை ஏதோ செய்தாள். இது இலக்கணம் சொன்ன செய்தி.

இரண்டாவது வேலை: பக்கத்தில் அடுப்பு இருக்கிறது. மூடி இருக்கிறது. ஆவி இருக்கிறது. சோறு இருக்கிறது. ஆகவே அது பானை. இது பக்கத்துச் சொற்கள் சொன்ன செய்தி.

இங்கிலீஷிலும் இதே இரண்டு வேலைகள்தான். ஆனால் இங்கிலீஷ் இலக்கணம் செய்தி சொல்லும் விதம் வேறு. அதை மட்டும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் யாரைக் கடித்தது?

நாய் மனிதனைக் கடித்தால் அது செய்தி அல்ல, மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி. பத்திரிகை உலகில் வழங்கும் பழைய பேச்சு இது.

"நாய் மனிதனைக் கடித்தது." இதை மாற்றிச் சொல்லுங்கள். "மனிதனை நாய் கடித்தது." பொருள் மாறியதா? இல்லை. "ஐ" என்ற உருபு மனிதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் வாக்கியத்தில் எங்கே போனாலும் கடிபட்டவன் அவன்தான்.

இங்கிலீஷில் இந்த "ஐ" கிடையாது. "தி டாக் பிட் தி மேன்" என்றால் நாய் மனிதனைக் கடித்தது. இடத்தை மாற்றுங்கள். "தி மேன் பிட் தி டாக்." இப்போது மனிதன் நாயைக் கடித்துவிட்டான்!

சொல் ஒன்றுகூட மாறவில்லை. இடம்தான் மாறியது. இடம் மாறியதும் கதையே மாறிவிட்டது.

இங்கிலீஷ் இலக்கணத்தில் முதல் பாடம் இதுதான். தமிழில் உருபு செய்யும் வேலையை, இங்கிலீஷில் இடம் செய்கிறது. செய்பவர் முதலில் நிற்பார். செயல் நடுவில் நிற்கும். செயலுக்கு ஆளான பொருள் கடைசியில் நிற்கும்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "நான் சோறு சாப்பிட்டேன்." இங்கிலீஷில் அது நடுவுக்கு வந்துவிடும். "நான் சாப்பிட்டேன் சோறு" என்பது போல. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அவர்களுக்கு அதுதான் முறை.

பின்னால் இருப்பது முன்னால் வரும்

"வீட்டில்" என்கிறோம். "இல்" என்பது வீட்டுக்குப் பின்னால் ஒட்டுகிறது. இங்கிலீஷில் "இன் தி ஹவுஸ்" என்பார்கள். "இன்" முன்னால் வந்துவிட்டது.

"மேஜையின்மேல்" என்பது "ஆன் தி டேபிள்." "மதுரையிலிருந்து" என்பது "ஃப்ரம் மதுரை." "கத்தியால்" என்பது "வித் எ நைஃப்." எல்லாமே தலைகீழ்! தமிழில் வாலாக இருப்பது இங்கிலீஷில் தலையாகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழில் "வந்தேன்" என்றாலே போதும். வந்தது நான் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். "வந்தாள்" என்றால் வந்தது ஒரு பெண். இங்கிலீஷில் "கேம்" என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்று தெரியாது. அவனா, அவளா, நானா, நாமா? ஆகவே "ஐ கேம்", "ஷி கேம்" என்று ஆளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. தமிழில் கடைசியில் "ஆ" சேர்த்தால் கேள்வியாகிவிடும். "வந்தான்" என்பது "வந்தானா?" ஆகும். இங்கிலீஷில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே "டிட்" என்ற சொல் வந்து நிற்கும். "டிட் ஹி கம்?" வரப்போவது கேள்வி என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஓர் ஆடும் ஒரு மாடும்

எல்லாமே வேறு என்று பயப்பட வேண்டாம். ஒற்றுமையும் உண்டு.

"எ" எங்கே வரும், "ஆன்" எங்கே வரும் என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். உயிரெழுத்துக்கு முன்னால் "ஓர்" எழுதுவது தமிழ் மரபு. ஓர் ஆடு, ஓர் இலை. மற்ற இடங்களில் "ஒரு." ஒரு மாடு, ஒரு மரம்.

இங்கிலீஷிலும் அப்படியே. உயிர் ஒலிக்கு முன்னால் "ஆன்." ஆன் ஆப்பிள், ஆன் எக். மற்ற இடங்களில் "எ." எ மேங்கோ, எ புக்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. "யுனிவர்சிட்டி" என்ற சொல்லை இங்கிலீஷில் உயிரெழுத்தில்தான் தொடங்கி எழுதுவார்கள். ஆனால் வாயில் வரும் ஒலி "யு." ஆகவே "எ யுனிவர்சிட்டி" என்பதே சரி.

"எ", "ஆன்" வந்தால் ஏதோ ஒன்று என்று பொருள். "தி" வந்தால், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த அந்த ஒன்று என்று பொருள். "எ டாக்" என்றால் ஏதோ ஒரு நாய். "தி டாக்" என்றால் நமக்குத் தெரிந்த அந்த நாய். இந்தச் சின்னச் சொற்களில் ஒன்று வந்தாலே, அடுத்து ஒரு பெயர்ச்சொல் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பொருள் தேடும்போது இது பெரிய உதவி.

நீர் என்றால் நீர்தானா?

"வாட்டர்" என்றால் தண்ணீர். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இப்போது இரண்டு வாக்கியங்கள்:

"டிரிங்க் தி வாட்டர்."

"வாட்டர் தி பிளாண்ட்ஸ்."

முதல் வாக்கியத்தில் "தண்ணீரைக் குடி" என்கிறார்கள். இரண்டாவதில்? "பிளாண்ட்ஸ்" என்றால் செடிகள். "தண்ணீர் செடிகள்" என்று சொன்னால் பொருள் இல்லை. இங்கே "வாட்டர்" செயல் நிற்கும் இடத்தில் நிற்கிறது. ஆகவே அது வினைச்சொல். "செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று" என்பது பொருள்.

ஒரே சொல். இடம் மாறினால் வேலை மாறுகிறது. வேலை மாறினால் பொருள் மாறுகிறது.

தமிழிலும் "படி" இருக்கிறது. "படியில் உட்கார்ந்து படி" என்றால் யாராவது குழம்புவார்களா? முதல் "படி" வாசற்படி. இரண்டாவது "படி" வாசிப்பது. அரிசி அளக்கும் படி வேறு. எது எந்தப் படி என்று பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

"பேங்க்" என்றால் பணம் போடும் இடம். ஆனால் "தி போட் இஸ் நியர் தி பேங்க்" என்று வந்தால்? "போட்" என்றால் படகு. படகுக்குப் பாங்கியில் என்ன வேலை? இங்கே "பேங்க்" என்றால் ஆற்றங்கரை.

துப்பறியும் நான்கு கேள்விகள்

தெரியாத சொல் வந்ததும் நின்றுவிடக் கூடாது. வாக்கியம் முடியும்வரை படிக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தையும் படிக்க வேண்டும். பிறகு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இந்தச் சொல் பெயரா, செயலா, குணமா?

இரண்டு: பக்கத்தில் உள்ள தெரிந்த சொற்கள் எவை?

மூன்று: வழிகாட்டும் சொல் ஏதாவது இருக்கிறதா?

நான்கு: நாம் நினைத்த பொருளை அங்கே வைத்துப் படித்தால் வாக்கியம் சரியாக இருக்கிறதா?

ஓர் உதாரணம். "தி ரிவர் இஸ் டீப். டூ நாட் ஸ்விம். யூ வில் ட்ரவுன்." ஆறு ஆழம். நீந்தாதே. நீ என்ன ஆவாய்? "ட்ரவுன்" தெரியவில்லை. "வில்" என்ற சொல்லுக்குப் பின்னால் அது வருகிறது. ஆகவே அது செயல். பக்கத்தில் ஆறும் ஆழமும் இருக்கின்றன. நீந்தாதே என்று தடுக்கிறார்கள். ஆகவே கெட்டது ஏதோ நடக்கும். தண்ணீரில் மூழ்கிப் போவாய்! வைத்துப் படித்துப் பாருங்கள். சரியாக இருக்கிறது.

வழிகாட்டும் சொற்கள் என்றால் எவை? "பட்" என்று வந்தால் அடுத்து வருவது எதிர். "பிகாஸ்" என்று வந்தால் அடுத்து வருவது காரணம். "சச் அஸ்" என்று வந்தால் அடுத்து வருவது உதாரணம். "கிரெய்ன்ஸ் சச் அஸ் ரைஸ் அண்ட் வீட்" என்றால், அரிசி, கோதுமை போன்ற ஏதோ ஒன்று. தானியம் என்று தெரிந்துவிடுகிறது.

இந்தச் சின்னச் சொற்களை முதலில் படித்துவையுங்கள். பெரிய சொற்களைவிட இவை அதிகம் உதவும்.

அகராதி பிறந்த கதை

"ஊகித்துப் படிப்பது குறுக்கு வழி. அகராதி பார்ப்பதே நேர் வழி" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அகராதியே இந்த வழியில்தான் பிறந்தது!

உலகப் புகழ் பெற்ற ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதிக்கு 1857-ல் லண்டனில் யோசனை பிறந்தது. 1879-ல் அதற்கு ஜேம்ஸ் மர்ரே ஆசிரியரானார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அப்பா ஒரு தையற்காரர். மர்ரே பள்ளிக்கூடத்தை விட்டது 14-ம் வயதில். அதற்குமேல் படிக்க வசதி இல்லை. பிறகு அவரே முயன்று பல மொழிகளைக் கற்றார். பள்ளி ஆசிரியராகவும் உயர்ந்தார்.

சொற்களின் பொருளை மர்ரே எப்படிக் கண்டார்? பொதுமக்களைக் கேட்டார்! "நீங்கள் படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் வரும் வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள். புத்தகத்தின் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள்" என்று வேண்டுகோள் விட்டார். துண்டுச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டார். அதில் சீட்டுகளைச் சொல்வாரியாக அடுக்கினார்.

ஒரு சொல்லின் சீட்டுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் படிப்பார்கள். இந்த வாக்கியத்தில் இது என்ன பொருளில் வந்திருக்கிறது? அந்த வாக்கியத்தில்? இப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் பொருள் எழுதினார்கள்.

மர்ரே 1915-ல் இறந்தார். அகராதி அப்போது முடியவில்லை. 1928-ல்தான் முடிந்தது. அதில் 4 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் இருந்தன. அவற்றுக்குச் சான்றாக 18 லட்சத்துக்கும் அதிகமான வாக்கியங்கள் இருந்தன.

வாக்கியம் முந்தியது. அகராதி பிந்தியது.

வங்காளத்தில் ஒரு வாத்தியார்

அப்படியானால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஊகித்துப் படித்துவிடலாமா? முடியாது. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மைக்கேல் வெஸ்ட் என்ற இங்கிலீஷ்காரர் 1912-ல் வங்காளத்துக்குக் கல்வி வேலைக்கு வந்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தார். அங்கே பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தார். குற்றம் பிள்ளைகள்மீது இல்லை என்று கண்டார். பாடப் புத்தகத்தில் குற்றம் இருந்தது. ஒரே பக்கத்தில் புதுச் சொற்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் பல, எப்போதோ ஒருமுறை வரும் சொற்கள்.

வெஸ்ட் புது மாதிரியான புத்தகங்கள் எழுதினார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் வைத்தார். புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரச் செய்தார். 1953-ல் அவர் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டார். இங்கிலீஷ் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு மிகவும் தேவையான சுமார் 2,000 சொற்கள் அதில் இருந்தன.

பிற்காலத்தில் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும், மார்செல்லா ஹூ என்ற ஆராய்ச்சியாளரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதில் 100-க்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அதாவது 50 சொற்களுக்கு ஒரு புதுச் சொல். அந்த ஒன்றைச் சுற்றி 49 சொற்கள் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்துக்கு மூன்று தெரியாவிட்டால் விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. ஊகமும் நடக்காது.

ஆகவே பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் கனமான புத்தகத்தை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு படிக்கலாம். எளிய புத்தகம் படிப்பதில் வெட்கம் இல்லை.

ரயில் அட்டவணையில் இலக்கணம்

நம் ஊர்ப் பக்கமும் ஒரு சோதனை நடந்தது. அதை நடத்தியவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களில் சில பள்ளிக்கூடங்களில் அது நடந்தது.

அந்த வகுப்புகளில் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ரயில் நேர அட்டவணையைக் கொடுத்தார்கள். எந்த வண்டி முதலில் போய்ச் சேரும் என்று கேட்டார்கள். வரைபடத்தைக் கொடுத்தார்கள். வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷில். பிள்ளைகளின் கவனம் வண்டியிலும் வழியிலும் இருந்தது. பொருளைத் தேடும்போது இலக்கணம் தானே மனத்தில் படியும் என்பது பிரபுவின் கருத்து. 1987-ல் இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் மொழி ஆசிரியர்கள் படிக்கிறார்கள்.

விதியே வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. வேலையோடு சேர்த்துப் படிக்கும் விதி மறக்காது. வீட்டிலும் ரயில் டிக்கெட் இருக்கிறது. பிஸ்கட் உறை இருக்கிறது. மின்சார பில் இருக்கிறது. இவை எல்லாமே பாடப் புத்தகங்கள்தான்.

ஊகம் நிற்க வேண்டிய இடம்

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஊகம் சில சமயம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இங்கிலீஷில் "இன்" என்று தொடங்கும் சொற்கள் பல, இல்லை என்ற பொருளைத் தரும். "கரெக்ட்" என்றால் சரி. "இன்கரெக்ட்" என்றால் சரியில்லை. இதை வைத்துக்கொண்டு "இன்ஃப்ளேமபிள்" என்ற சொல்லை ஊகிப்போம். "ஃப்ளேம்" என்றால் தீச்சுடர். அப்படியானால் தீப்பிடிக்காத பொருளா?

இல்லவே இல்லை! எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். பெட்ரோல் லாரிகளில் எழுதியிருப்பது இதுதான். தப்பாக ஊகித்தவர் பக்கத்தில் தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும்? இந்தப் பயத்தால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ஒரு யோசனை சொன்னது. "இன்" வேண்டாம், "ஃப்ளேமபிள்" என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. இன்று இரண்டு சொற்களும் வழக்கில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

இன்னொன்று. "ஒன்ஸ் எ டே" என்றால் நாளைக்கு ஒருமுறை. "ஒன்ஸ்" என்று படிக்கும் அதே எழுத்துகள் ஸ்பானிஷ் மொழியில் 11 என்ற எண்ணைக் குறிக்கும்! அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருமுறை சாப்பிட வேண்டிய மருந்தை 11 முறை என்று அவர்கள் நினைத்துவிடக்கூடும் என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

கதைப் புத்தகத்தில் தப்பாக ஊகித்தால் நஷ்டம் இல்லை. அடுத்த பக்கம் திருத்திவிடும். மருந்து, மின்சாரம், தீ, கையெழுத்து ஆகிய நான்கிலும் அப்படி விடக் கூடாது. ஊகியுங்கள். பிறகு தெரிந்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் பத்திரத்தில் ஒரு சொல் புரியவில்லையா? புரியும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

மறுபடியும் அந்தப் பாட்டில்

அந்த இரவுக்கு வருவோம். "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி." தெரியாத சொல் "எக்ஸ்டர்னல்."

"யூஸ்" என்பதற்கு முன்னால் அது நிற்கிறது. ஆகவே எப்படிப்பட்ட உபயோகம் என்பதை அது சொல்கிறது. "ஒன்லி" என்றால் மட்டும். ஆகவே ஒருவிதமாக மட்டுமே உபயோகிக்கலாம். வேறுவிதமாக உபயோகிக்கக் கூடாது. இந்த அளவு தெரிந்தாலே கை தயங்கும். தயங்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். சினிமாக் கொட்டகையில் வெளியே போகும் வாசலில் "எக்ஸிட்" என்று எழுதியிருக்கும். திருப்பூரிலிருந்து துணி வெளிநாட்டுக்குப் போவதை "எக்ஸ்போர்ட்" என்கிறார்கள். இரண்டிலும் "எக்ஸ்" இருக்கிறது. இரண்டும் வெளியே போவதைக் குறிக்கின்றன. அப்படியானால் "எக்ஸ்டர்னல்" என்பதும் வெளி சம்பந்தப்பட்டதாக இருக்குமோ?

ஆம். வெளி உபயோகத்துக்கு மட்டும் என்பதே பொருள். அது தேய்க்கும் மருந்து. குடிக்கக் கூடாது.

ஆனால் "எக்ஸாம்" என்பதிலும் "எக்ஸ்" இருக்கிறதே! பரீட்சைக்கும் வெளிக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே இந்த ஊகத்தை மட்டும் நம்பிக் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் பாட்டிலைக் கீழே வைக்க வேண்டும். டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேட்க வேண்டும். நேரமாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம்.

மறுநாள் காலையில் அம்மா செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு காகிதத்தில் "தேய்க்கும் மருந்து. குடிக்காதே" என்று தமிழில் எழுதிப் பாட்டிலில் ஒட்டிவிட வேண்டும். இரண்டு பாட்டிலையும் வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த நான்கு சொற்களுக்குப் பொருள் கண்டுபிடியுங்கள். அகராதியைத் தொடாதீர்கள்.

1. "தி மேன் வாஸ் தர்ஸ்டி. ஹி டிராங்க் டூ கிளாசஸ் ஆஃப் வாட்டர்." இதில் "தர்ஸ்டி" என்றால் என்ன?

2. "தி ஷாப் இஸ் ஷட் டுடே. கம் டுமாரோ." இதில் "ஷட்" என்றால் என்ன?

3. "ஹிஸ் பிரதர் இஸ் லேஸி, பட் ஹி ஒர்க்ஸ் ஆல் டே." இதில் "லேஸி" என்றால் என்ன?

4. "ஹி ஈட்ஸ் ஃப்ரூட்ஸ் சச் அஸ் மேங்கோஸ் அண்ட் குவாவாஸ்." இதில் "குவாவாஸ்" என்றால் என்ன?

விடைகள்: 1. தாகமாக இருந்தான். இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்திருக்கிறானே! 2. கடை மூடியிருக்கிறது. நாளைக்கு வரச் சொல்கிறார்கள். 3. சோம்பேறி. "பட்" எதிரைக் காட்டுகிறது. தம்பி நாள் முழுவதும் உழைக்கிறான் என்றால், அண்ணன் அப்படி இல்லை. 4. ஏதோ ஒரு பழம். எந்தப் பழம் என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை. பழம் என்று தெரிந்ததே போதும். மேலே படிக்கலாம். கொய்யாப்பழம் என்பதை அகராதியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியில் "லேஸி" அண்ணனா, தம்பியா என்று பிள்ளைகள் சண்டை போடலாம். "பிரதர்" என்ற இங்கிலீஷ் சொல் அதைச் சொல்லாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பது தமிழ்!